படிப்பு வேறு, பயணம் வேறு

கேள்வி (சுருக்கம்): நான் இயந்திரப் பொறியியல் படித்தவன், வயது 27. ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதம் கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. சென்ற ஆண்டு என்னை ஒரு மெஷினிங் லைனுக்குப் பொறுப்பாளராக்கினார்கள். 40 லட்ச ரூபாயில், கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய சி.என்.சி. இயந்திரம் வேண்டும் என்று கேட்கப் போனபோது நிதி மேலாளர் மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் மேற்படிப்பு எண்ணம் வந்தது. அமெரிக்காவில் பொறியியல் மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டும் 52 லட்ச ரூபாயும் ஆகும் என்கிறார் முகவர். சாத்தூர்ப் பக்கம் உள்ள மூன்று ஏக்கரை அடமானம் வைக்க அப்பா தயாராக இருக்கிறார். மாமா எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார். எங்கள் பிளான்ட் மேலாளரோ அனுபவமே போதும் என்கிறார். இந்தப் படிப்பால் பயன் உண்டா ஐயா? இதுவும் எம்.பி.ஏ.வும் ஒன்றா? இப்போது விட்டால் வயதாகிவிடுமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் படிப்பைப் பற்றி எழுதியிருந்த பக்கங்களைவிட, நிதி மேலாளரின் அறையில் நடந்ததைப் பற்றி எழுதியிருந்த ஆறு வரிகளைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். இயந்திரத்தில் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும், நீங்கள் சொல்லும் மிச்சம் காகிதத்தில் மட்டும் வருமா அல்லது கையிலும் வருமா, அந்தப் பாகத்துக்கான ஆர்டர் இரண்டு ஆண்டில் நின்றுபோனால் இயந்திரத்தை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். நீங்கள் படிக்க விரும்பும் படிப்பின் பெரும்பகுதி இந்த மூன்று கேள்விகளுக்குள் இருக்கிறது. ஆகவே முதலில் அந்த இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம்.

மறுவேலை, ஓவர்டைம், வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் ஆகிய மூன்றிலும் சேர்த்து மாதம் ஒரு லட்ச ரூபாய் மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆண்டுக்கு 12 லட்சம். 40-ஐ 12-ஆல் வகுத்தால் மூன்று ஆண்டு நான்கு மாதம். முதல் கேள்விக்கு இதைப் பதிலாக அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாம் ஆண்டில் வரப்போகும் 12 லட்சம் இன்று கையில் இருக்கும் 12 லட்சத்துக்கு ஈடாகாது. நிறுவனத்துக்கு முதலீட்டின் செலவு, அதாவது போட்ட பணத்துக்கு வட்டிபோல் ஆகும் செலவு, ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 10.71 லட்சம், ஐந்தாம் ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 6.81 லட்சம், ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் 43.26 லட்சம். 40 லட்சம் போட்டு 3.26 லட்சம் மிஞ்சுகிறது, வாங்கலாம். இப்போது ஆண்டு மிச்சத்தை 12 லட்சத்திலிருந்து 11 லட்சமாகக் குறைத்துப் பாருங்கள்: கூட்டுத்தொகை 39.65 லட்சத்துக்கு இறங்கி, முதலீடு நட்டக் கணக்கில் விழுகிறது. மாதத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் மாறினால் முடிவே தலைகீழாகிறது என்பதால்தான் அந்த மனிதர் உங்கள் மிச்சக் கணக்கை அவ்வளவு துருவியிருக்கிறார். (வரி, தேய்மானம், பழைய இயந்திரத்தை விற்றால் வரும் தொகை ஆகியவற்றை நான் சேர்க்கவில்லை, சேர்த்துப் பார்ப்பது உங்களுக்கான வீட்டுப்பாடம்.) ஆர்டர் இரண்டு ஆண்டில் நின்றால் அதுவரை வந்திருக்கும் மிச்சத்தின் இன்றைய மதிப்பு 20.28 லட்சம்தான், மீதியை இயந்திரத்தை விற்றோ, வேறு பாகத்துக்குத் திருப்பிவிட்டோதான் ஈட்ட வேண்டும். நீங்கள் செய்வது எஞ்சினுக்குள் போகும் பாகம் என்றால், மின்வாகனங்கள் பெருகிவரும் இந்நாளில் அந்தக் கேள்வியைக் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது கேள்விதான் மூன்றிலும் கடினமானது. அதற்கு நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. முப்பது வயதில், வேறொரு தொழிற்சாலையில், ஒரே ஆண்டில் மூன்று மேம்பாட்டுத் திட்டங்களை எழுதிக் கொடுத்தேன். மூன்றிலும் 'ஒரு உதவியாளர் குறைப்பு' என்று மிச்சம் காட்டியிருந்தேன். நிதி மேலாளர் மூன்று தாள்களையும் வரிசையாக மேசையில் பரப்பிவைத்து, "இந்த ஆளை மூன்று தடவை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறீர்கள், அவர் இப்போதும் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார். மறுவேலை குறைந்தால் ஒருவருடைய நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. அந்த நேரத்தில் அவர் வேறு ஏதாவது செய்து அதற்கு வாடிக்கையாளர் பணம் கொடுக்காதவரை, நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் கூடாது. அதே ஆண்டு நான் பகுதிநேர மேற்படிப்பில் சேர்ந்தேன். ஆகவே உங்கள் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன்.

இனிப் படிப்புக்கு வருவோம். பொறியியல் மேலாண்மைக்கென்று அமெரிக்காவில் தனித்துறை முதலில் உருவானது மிசௌரி மாநிலத்தின் ரோலா என்ற சிற்றூரில், 1967-இல். இன்று டியூக், டார்ட்மத், நார்த்வெஸ்டர்ன், கார்னெல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களிலும் இந்தப் பட்டம் உண்டு. பெயர்கள் சற்று மாறினாலும் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பொறியியல் பொருளாதாரம், செயல்முறை ஆய்வு என்று தமிழில் சொல்லப்படும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (கணிதத்தால் சிறந்த முடிவைத் தேடும் முறை), தரக் கட்டுப்பாடு, திட்ட மேலாண்மை, விநியோகச் சங்கிலி, முடிவெடுக்கும் முறைகள், கணக்கியலில் அடிப்படை, மனிதர்களை நடத்துவது பற்றி ஒன்றிரண்டு பாடம். எம்.பி.ஏ.வும் இதுவும் ஒன்றல்ல. எம்.பி.ஏ. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற எண்ணத்தில் அமைந்தது. வணிகவியல் படித்தவரும் மருத்துவம் படித்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, சந்தைப்படுத்தல், நிதி, வணிக உத்தி எல்லாவற்றையும் படிப்பார்கள். பொறியியல் மேலாண்மையில் மாணவருக்குப் பொறியியல் தெரியும் என்று முதலிலேயே எடுத்துக்கொள்வதால், சந்தைப்படுத்தலைக் குறைத்து, கணிதம் சார்ந்த பாடங்களைக் கூட்டுகிறார்கள்.

ஆகவே உங்கள் மாமாவின் யோசனை சரியா என்பது நீங்கள் பத்து ஆண்டு கழித்து எந்த நாற்காலியில் உட்கார நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வங்கி, ஆலோசனை நிறுவனம், விற்பனை என்று இயந்திரத்தை விட்டு விலகிப் போவதானால் நல்ல நிறுவனத்தின் எம்.பி.ஏ.தான் வழி. இயந்திரச் சத்தம் காதில் விழும் தூரத்திலேயே இருந்து, பிளான்ட் தலைவராகவோ உற்பத்தித் திட்டமிடலுக்கோ தரத்துக்கோ பொறுப்பானவராகவோ ஆக நினைத்தால் பொறியியல் மேலாண்மையோ அதன் உடன்பிறப்பான தொழிலகப் பொறியியலோ பொருத்தம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் எம்.பி.ஏ. என்றால் நேர்காணல் எடுப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. பொறியியல் மேலாண்மை என்றால் அது என்ன என்று முதல் ஐந்து நிமிடம் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் பிளான்ட் மேலாளர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1998-இல் சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பட்டச் சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தருகிற பரிசு அன்று அது. கடைநிலைத் தொழிலாளி வரை எல்லாரும் பிரச்சினையின் மூலத்தைத் தேடிப் போகும் பழக்கத்தைப் பார்த்துத் தருவது. ஆனால் அந்தப் பழக்கம் வெறும் ஆண்டுக் கணக்கால் வந்துவிடுவதில்லை, முறையான பயிற்சியால் வருவது. ஒரே ஓராண்டு அனுபவத்தைப் பதினைந்து முறை திரும்பச் செய்துவிட்டுப் பதினைந்து ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொள்பவர்களை நீங்களும் உங்கள் ஷாப் ஃப்ளோரில் பார்த்திருப்பீர்கள். உங்கள் மேலாளர் அனுபவம் போதும் என்கிறாரா, அல்லது இந்த லைனை இப்போது விட்டுப் போகாதே என்கிறாரா என்பதையும் யோசித்துப் பாருங்கள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும்.

எனக்குக் கவலை தருவது வேறு. நீங்கள் ஒரே கேள்விக்குள் இரண்டு முடிவுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். பொறியியல் மேலாண்மை படிக்கலாமா என்பது ஒன்று. அமெரிக்காவுக்குப் போய்ச் சம்பாதிக்கலாமா என்பது மற்றொன்று. நிதி மேலாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அதற்கு 52 லட்சம் தேவையில்லை. அமெரிக்காவில் வேலை பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அதில் தவறேதும் இல்லை; ஆனால் அப்போது எடைபோட வேண்டியது அந்த நாட்டின் விசா விதிகளை, பாடத்திட்டத்தை அன்று.

அந்த எடையைப் போட்டுப் பார்ப்போம். மாணவர் விசாவில் படித்து முடித்தவர் அங்கே ஓராண்டு வேலைப் பயிற்சியில் இருக்கலாம். படிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றுக்கான ஸ்டெம் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். பொறியியல் மேலாண்மைக்கான 15.1501 என்ற வகைப்பாட்டு எண் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பெயரில் மேலாண்மை இருக்கும் எல்லாப் படிப்பும் அதே எண்ணின் கீழ் வருவதில்லை. நீங்கள் சேரவிருக்கும் படிப்பின் எண்ணைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், முகவரிடம் கேட்காதீர்கள். அந்த மூன்று ஆண்டுக்குள், தொடர்ந்து அங்கே வேலை பார்ப்பதற்கான ஹெச்-1பி விசா கிடைக்க வேண்டும். ஆண்டுக்குப் பொதுவாக 65,000, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்பது அதன் உச்சவரம்பு. கேட்பவர்கள் அதைவிட மிகப் பலர் என்பதால் குலுக்கலில்தான் தேர்வு நடந்துவந்திருக்கிறது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுவோருக்கான ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்நாட்டு அதிபர் அறிவித்தார். அங்கேயே படித்துவிட்டு விசா வகையை மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆனாலும் அந்த அறிவிப்பு வந்த வார இறுதியில் அங்கிருந்த நம் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, உங்களைப் போன்ற உற்பத்திப் பொறியாளர்களை நிறைய எடுக்கும் விமான, பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளில் பல வேலைகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் காரணமாக வெளிநாட்டவருக்குத் திறப்பதில்லை.

கடனையும் அதே கண்ணாடியால் பாருங்கள். வட்டி 11 சதவீதம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். படிக்கும் ஒன்றரை ஆண்டும் அதற்குப் பின் ஆறு மாதமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 52 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 11.44 லட்சம். வங்கி பணத்தைப் பருவம் பருவமாகக் கொடுப்பதால் இது சற்றுக் குறையலாம், பெரிதாகக் குறையாது. ஆக 63.44 லட்சத்தைப் பத்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 87,400 ரூபாய். டாலரில் சம்பளம் வந்துகொண்டிருந்தால் இது கடினமான தொகை அன்று. அங்கே வேலை கிடைத்து நிலைத்தவர்கள் நான்கைந்து ஆண்டுகளில் அடைத்துவிடுவதும் உண்டு. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் குலுக்கலில் பெயர் வராமல் ஊர் திரும்ப நேர்ந்தால், ஒரகடத்திலோ ஓசூரிலோ நீங்கள் வாங்கப்போகும் சம்பளத்தில் இந்தத் தவணை போக மிஞ்சுவது என்ன? இதுவும் உங்கள் நிதி மேலாளரின் மூன்றாவது கேள்விதான்: ஆர்டர் நின்றால் இயந்திரத்தை என்ன செய்வீர்கள்? இதோடு அந்தப் பதினெட்டு மாதமும் இழக்கும் சம்பளம் 8.28 லட்சத்தையும் முதலீட்டில் சேர்க்க மறக்காதீர்கள், பெரும்பாலோர் மறக்கிறார்கள்.

இன்னொன்று, முகவர்கள் சொல்லாதது. அமெரிக்கப் பொறியியல் மேலாண்மை வகுப்புகள் பலவற்றில் இளநிலைப் பட்டம் முடித்த கையோடு வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்கு அது நல்ல படிப்புதான். ஆனால் மேலாண்மைப் படிப்பில் பாதி, பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து கற்பது. ஷிஃப்ட் மாற்றத்தின்போது ஆள் வராமல் தவித்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பில் நீங்கள் கொடுப்பது அதிகமாகவும் பெறுவது குறைவாகவும் இருக்கக்கூடும். எந்தக் கல்லூரியைத் தேர்ந்தாலும் சேருவதற்கு முன் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் சராசரி பணி அனுபவம் எவ்வளவு என்று கேளுங்கள். இறுதித் திட்டப்பணி உண்மையான நிறுவனத்தின் பிரச்சினையா, புத்தகத்தில் இருக்கும் பயிற்சியா என்றும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

இங்கே என்ன வழி இருக்கிறது? திருச்சி என்.ஐ.டி.யில் தொழிலகப் பொறியியலும் மேலாண்மையும் என்ற எம்.டெக். இருக்கிறது, நீங்கள் கேட்கும் படிப்புக்கு மிக நெருங்கியது அதுதான். பொறியியல் முதுநிலைக்கான கேட் தேர்வு எழுதி முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யும் கரக்பூர் ஐ.ஐ.டி.யும் இதே துறையில், கணிதம் கூடுதலாக, எம்.டெக். நடத்துகின்றன. தொழிலகப் பொறியியலுக்கென்றே 1963-இல் தொடங்கி நிட்டி என்ற பெயரில் நெடுங்காலம் இயங்கிய மும்பை நிறுவனம் 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது, கேட் என்று நாம் ஒரே மாதிரி எழுதும் மற்றொரு தேர்வை, அதாவது ஐ.ஐ.எம்.களுக்கான நுழைவுத் தேர்வை, அதற்கு எழுத வேண்டும். உற்பத்திப் பின்னணியுள்ள பொறியாளர் எம்.பி.ஏ. படிப்பதானால் அந்த இடத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். உங்கள் மாமாவுக்கும் அது பிடிக்கும்.

வேலையை விடாமல் படிக்க வேண்டுமானால் பிட்ஸ் பிலானி, பணியில் இருப்போருக்கென்றே உற்பத்தி மேலாண்மையில் எம்.டெக். நடத்துகிறது, நான்கு பருவம், வகுப்புகள் இணையவழி. அண்ணா பல்கலைக்கழகத்திலும் பகுதிநேர எம்.இ. உண்டு, ஆனால் அவை மாலை வகுப்புகள். ஒரகடத்தில் ஜெனரல் ஷிஃப்ட் முடித்துவிட்டு, மாலை நெரிசலில் வாரம் முழுக்கக் கிண்டிக்கு வந்து சேருவது நடக்கிற காரியமா என்பதை ஒரு வாரம் சும்மா வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் வகுப்பில் தூங்கிய மாலைகள் கொஞ்சமல்ல. திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: பட்டதாரி ஒருவர் மூன்று ஆண்டு திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும் என்பது அதற்கான தகுதி, கட்டுமானத்திலும் மென்பொருளிலும் அதற்கு இருக்கும் மதிப்பு, நாள்தோறும் ஒரே பாகத்தை ஓட்டும் லைனில் இருக்காது.

வயது பற்றிய உங்கள் அச்சத்துக்கு ஒரே வரியில் பதில்: இந்தப் படிப்புக்கு 29 என்பது 23-ஐவிட நல்ல வயது. கல்லூரி ஆசிரியராகப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும், எந்தத் துறையில் எம்.இ. பெற்றிருக்க வேண்டும் என்ற விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்; அங்கே பட்டத்தின் பெயர் முக்கியம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். என்.பி.டெல். தளத்தில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசன் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் நடத்திய பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. அவற்றை ஒரு பருவம் முழுக்க, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்பேன். பாதியிலேயே அலுத்துவிட்டால் 52 லட்சம் மிச்சம். அலுக்காவிட்டால் எம்.டெக். படிப்புக்கான கேட் தேர்வுக்கும் பிட்ஸுக்கும் விண்ணப்பம் போடுவேன். அதற்கிடையில் அந்த இயந்திரக் கணக்கைச் சரியாகப் போட்டு எடுத்துக்கொண்டு அதே நிதி மேலாளரிடம் மறுபடி போய், தப்பைத் திருத்தித் தரச் சொல்வேன். அப்படிக் கேட்கப் போகிறவரை விரட்டிவிடும் நிதி மேலாளர்கள் குறைவு. மேற்படிப்புக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, இத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. உங்கள் மனிதவளத் துறையில் கேட்டுப் பார்க்கலாம். அமெரிக்கா வேண்டும் என்ற ஆசை இதற்குப் பிறகும் தணியாமல் இருந்தால், கட்டணத்தில் கணிசமான பகுதிக்கு உதவித்தொகை தரும் இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்து, கடனைப் பாதியாக்கிக்கொண்டு போங்கள். அப்போது நான் தடுக்க மாட்டேன்.

கடைசியாக, சாத்தூர் நிலம். கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தைப் பிணையாக ஏற்கப் பல வங்கிகள் தயங்கும். கடன் நின்றால் நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதே அதற்குக் காரணம். ஆகவே 'நிலம் இருக்கிறது, கடன் கிடைத்துவிடும்' என்று முகவர் சொல்வதை நம்பிப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். வங்கிக் கிளையில் நீங்களே போய்க் கேட்டுப் பதிலை வாங்குங்கள். வங்கி மறுத்த பிறகு தனியார் ஒருவரை அறிமுகப்படுத்தி, 'அடமானம்தான், எழுத்துக்கு மட்டும் இப்படி' என்று சொல்லிக் கிரயப் பத்திரமாகவோ பவர் பத்திரமாகவோ எழுதக் கேட்டால், அந்தக் காகிதத்தை ஊரில் உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கும்வரை அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.